ஐஸ்ஹவுஸில் ஏற்றிய தீபம்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு

முன்னுரை

இவ்வாண்டு எங்கள் வகுப்புக்குச் சுழற்கோப்பை எதுவும் கிடைக்கவில்லை. கோ-கோ இறுதிப் போட்டியில் ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளிடம் தோற்றோம். பேச்சுப் போட்டியில் ஆறுதல் பரிசு ஒன்றுதான் வந்தது. ஆண்டு மலருக்குப் பத்தாம் வகுப்பு என்ன எழுதித் தரப் போகிறது என்று தமிழம்மா கேட்டபோது, நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டோம்.

ஆனால் இவ்வாண்டு நாங்கள் செய்தவை இரண்டு உண்டு. ஒன்று, ஜூன் மாதம் முதல் நடத்தி வரும் சனிக்கிழமை மாலை வகுப்பு. வேப்பம்பட்டில் நம் பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களிலிருந்து வரும் சிறுவர் சிறுமியருக்குப் பள்ளித் தாழ்வாரத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். மற்றொன்று, ஆண்டு விழாவில் நாங்கள் நடித்த நாடகம். அது சகோதரி சுப்புலட்சுமி அம்மையாரின் வாழ்க்கை வரலாறு. பெயரைக் கேட்டவுடன் எங்களில் பாதிப் பேர் இசையரசி எம்.எஸ். அவர்களை நினைத்தோம். மீதிப் பேர் கன்னியாஸ்திரி ஒருவர் என்று எண்ணினோம். இரண்டும் தவறு. அவர் யார், அவரால் எங்கள் சனிக்கிழமை வகுப்பில் என்ன நேர்ந்தது என்பதையே இங்கு எழுதுகிறோம்.

இளமையும் இழப்பும்

சுப்புலட்சுமி 1886-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பிறந்ததும் அதே ஆண்டில்தான். தந்தையார் சுப்பிரமணிய ஐயர்; தாயார் விசாலாட்சி. குடும்பத்தின் பூர்வீகம் தஞ்சை மாவட்டத்து ரிஷியூர். பெற்றோருக்கு இவரே தலைமகள்.

ஒன்பது வயதில் நான்காம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுதிச் செங்கற்பட்டு மாவட்டத்தில் முதலாவதாகத் தேறினார். இன்று நமது வேப்பம்பட்டு திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்நாளில் இப்பகுதியும் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததே. ஆகவே நம் மாவட்டத்தின் முதல் மாணவி என்று அவரை நாமும் உரிமையோடு சொல்லிக் கொள்ளலாம்.

அத்தகைய அறிவுச் சுடருக்கு அக்கால வழக்கப்படி பதினோரு வயதில் திருமணம் நடந்தது. திருமணம் நடந்த சில காலத்திலேயே கணவர் இறந்து போனார். மணவாழ்க்கை இன்னதென்று அறியாத சிறுமி விதவை என்ற பெயரைச் சுமந்தாள். அந்நாளில் உயர்குலம் எனப்பட்ட குடும்பங்களில் விதவையின் நிலை மிகக் கொடியது. பூவும் பொட்டும் இல்லை. நல்ல உடை இல்லை. விழாக்களில் இடம் இல்லை. எதிரே வந்தால் சகுனத் தடை என்று வழியில் போவோர் ஒதுங்கினர். அடுக்களையின் ஒரு மூலையே வாழ்நாள் முழுவதற்கும் அவளுக்கு உரிய இடமாயிற்று.

சுப்புலட்சுமியின் தந்தை அந்த மூலையைத் தம் மகளுக்குக் கொடுக்கவில்லை. அவள் கையில் புத்தகத்தைக் கொடுத்தார். உற்றாரும் ஊராரும் பழித்தபோதும் மகளைப் படிக்க வைத்தார். அதே வீட்டில் சுப்புலட்சுமியின் சிற்றன்னை வாலாம்பாளும் இளம் விதவையாக வாழ்ந்தார். பிற்காலத்தில் சுப்புலட்சுமி தொடங்கிய தொண்டுக்கெல்லாம் வலக்கரமாக நின்றவர் இந்தச் சித்திதான்.

துறவியர் தந்த தூண்டுதல்

அயர்லாந்து நாட்டிலிருந்து 1842-ஆம் ஆண்டு சென்னைக்கு வந்த பிரசன்டேஷன் சபைக் கன்னியர் இங்கே பெண்களுக்குப் பள்ளிகளைத் திறந்தனர். அவர்களுடைய கான்வென்டில் சுப்புலட்சுமி சேர்ந்து பயின்றார். தாய்நாட்டையும் வீட்டையும் விட்டுக் கடல் கடந்து வந்து, யாரோ பெற்ற பிள்ளைகளுக்காக உழைக்கும் அத்துறவியரை அவர் நாள்தோறும் கண்டார். குடும்பம் இல்லாத பெண்ணின் வாழ்வு வீண் என்று உலகம் சொல்லிக் கொண்டிருந்தது. அவர் கண் முன்னே குடும்பம் இல்லாத பெண்கள் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அன்னையராக இருந்தார்கள். தாமும் அவ்வாறு வாழலாமே என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

அவர் தம் இந்து சமயத்தில் கடைசிவரை உறுதியாக நின்றார். துறவியரிடமிருந்து தொண்டு நெறியைக் கற்றுக்கொண்டார். அதனாலேயே மக்கள் அவரைச் சகோதரி என்று அழைத்தனர். அவர் இயற்பெயரோடு அப்பட்டம் என்றென்றைக்கும் ஒட்டிக்கொண்டது.

பின்னர் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். ஆண்கள் நிறைந்த கல்லூரியில் ஓர் இளம் விதவை அமர்ந்து படிப்பது அந்நாளில் ஊரே பேசும் செய்தி. அவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டு, 1911-ஆம் ஆண்டு முதல் வகுப்பில் பி.ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்ற பெருமை அவரைச் சேர்ந்தது.

நால்வருடன் தொடங்கிய இல்லம்

பட்டம் பெற்றவர் தம் நலத்தை மட்டும் எண்ணியிருந்தால் நல்ல வேலையோடு நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் தம்மைப்போலத் தந்தை வாய்க்காத சிறுமியர் எத்தனை ஆயிரம் பேர் இருட்டறைகளில் கிடக்கிறார்கள் என்ற எண்ணம் அவரை உறங்க விடவில்லை. அப்போது பெண் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்தவர் அயர்லாந்தைச் சேர்ந்த கிறிஸ்டினா லிஞ்ச் அம்மையார். பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவதற்குப் பெண் ஆசிரியைகள் இல்லாமையும் ஒரு காரணம் என்பதை அவர் அறிந்திருந்தார். சுப்புலட்சுமியோ வாழ வழியில்லாத இளம் விதவைகளை அறிந்திருந்தார். விதவைச் சிறுமியரைப் படிக்க வைத்து ஆசிரியைகளாக்கினால் இரண்டு குறைகளும் ஒருசேரத் தீரும் அல்லவா?

எழும்பூரில் ஒரு சிறு வீட்டில் நான்கே நான்கு விதவைச் சிறுமியருடன் இல்லம் தொடங்கிற்று. சித்தி வாலாம்பாள் வீட்டைக் கவனித்துக்கொண்டார். சுப்புலட்சுமி படிப்பைக் கவனித்தார். 1912-இல் சாரதா மகளிர் சங்கம் தோன்றியது. பிள்ளைகளின் எண்ணிக்கை பெருகவே இல்லம் திருவல்லிக்கேணிக்கு மாறியது.

அந்த இல்லத்தில் பிராமண விதவைகளையே சேர்த்தார்கள் என்று அறிந்தபோது எங்களுக்குச் சற்று வருத்தமாக இருந்தது. எல்லாரையும் சேர்த்திருக்கலாமே என்று ஒத்திகையின்போது வாதிட்டோம். வீட்டுக் கட்டுப்பாடுகளை அங்கேயும் காப்பார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அப்பெற்றோர் பெண்ணை வாசற்படி தாண்ட விடுவார்கள் என்று தமிழம்மா விளக்கினார்கள். முதலில் கதவைத் திறக்க வேண்டும்; பிறகு அதை அகலத் திறக்கலாம். சுப்புலட்சுமி அம்மையார் தம் கதவை எப்படி அகலத் திறந்தார் என்பதை இனிக் காண்போம்.

ஐஸ்ஹவுஸ்

சென்னைக் கடற்கரைச் சாலையில் வட்ட வடிவமான முகப்புடன் நிற்கும் விவேகானந்தர் இல்லத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதுவே பழைய ஐஸ்ஹவுஸ். அமெரிக்க நாட்டு ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டு வந்து சேமித்து வைப்பதற்காக 1842-இல் எழுந்த கட்டடம் அது. கன்னியர் சென்னைக்கு வந்ததும் அதே ஆண்டுதான்! பனிக்கட்டி வியாபாரம் நின்ற பிறகு பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞர் அதனை வாங்கி வீடாக்கினார். மேல்நாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் அங்குதான் தங்கினார்.

1917-இல் அரசாங்கம் அம்மாளிகையை விலைக்கு வாங்கியது. சுப்புலட்சுமி அம்மையாரின் பிள்ளைகளுக்கு அது வீடாயிற்று. ஆள் அரவமற்ற பெரிய கட்டடம். எதிரே ஓயாத அலைகள். ஆயினும் இருட்டறையில் வளர்ந்த சிறுமியருக்கு அக்கடற்காற்று எத்தகைய விடுதலையாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முன்பு பனிக்கட்டியைக் காத்த சுவர்கள் அப்போது பெண் பிள்ளைகளைக் காத்தன.

1922-ஆம் ஆண்டு ஆசிரியைகளைப் பயிற்றுவிக்கும் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதன் முதல் முதல்வர் சுப்புலட்சுமி அம்மையாரே. அப்போதைய கவர்னரின் துணைவியார் பெயரைத் தாங்கிய அந்நிறுவனம் காமராசர் சாலையில் இன்றும் ஆசிரியர்களை உருவாக்கி வருகிறது. அங்கே பயின்ற பெண்கள் ஊர் ஊராகச் சென்று பள்ளிகளில் பாடம் நடத்தினர். எதிரே வந்தால் ஆகாது என்று ஒதுக்கப்பட்டவர்கள், எதிரே வந்தவுடன் வகுப்பே எழுந்து நின்று வணக்கம் சொல்லும் ஆசிரியைகள் ஆனார்கள்!

சாதாரணப் பள்ளியில் சேர வயது கடந்துவிட்ட பெண்கள் பலர் இருந்தார்கள். அவர்களையும் அம்மையார் மறக்கவில்லை. 1927-இல் விடுதியோடு கூடிய சாரதா வித்யாலயம் உருவாயிற்று. பின்னாளில் இராமகிருஷ்ண மிஷன் அதனை ஏற்று நடத்தியது.

குப்பத்துக் குழந்தைகள்

ஐஸ்ஹவுஸுக்கு அருகே கடற்கரையில் மீனவர் குப்பம் இருந்தது. அங்கே குழந்தைகள் பள்ளி என்பதையே அறியாமல் மணலில் திரிந்தனர். அம்மையார் அவர்களுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். தம் மாணவியர் படித்துப் பட்டம் பெற்றால் மட்டும் போதாது, பக்கத்துக் குடிசையையும் எட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. சாதிக் கட்டுப்பாடு மிகுந்த அக்காலத்தில் இல்லத்துப் பெண்களையும் குப்பத்துப் பிள்ளைகளையும் ஒரே கரும்பலகைக்கு முன் கொண்டு வந்தது சிறிய செயல் அன்று.

எங்கள் சனிக்கிழமை வகுப்பு தொடங்கிய முதல் மாதத்தில் நாங்கள் மிகவும் சலித்துக் கொண்டோம். பிள்ளைகள் சிலேட்டுக் குச்சியைத் தின்றார்கள், பென்சிலைத் தொலைத்தார்கள், பாடம் நடக்கும்போதே ரயில் சத்தம் கேட்டால் எழுந்து ஓடினார்கள். குப்பத்துப் பள்ளியைப் பற்றிப் படித்த பிறகு எங்கள் சலிப்பு எங்களுக்கே வெட்கமாகிவிட்டது.

சட்டம் வந்த கதை

அரசுப் பணியில் இருந்தமையால் அம்மையார் இந்திய மாதர் சங்கத்தில் உறுப்பினராகச் சேர முடியவில்லை. ஆனாலும் குழந்தை மணத்தை எதிர்த்துப் பேச அவர் அஞ்சவில்லை. பெண்ணின் திருமண வயது குறித்து ஆராய அரசு அமைத்த ஜோஷி குழுவின் முன் சென்று சாட்சியம் அளித்தார். பதினோரு வயதில் மாலை சூட்டப்பட்டவரைவிடத் தகுந்த சாட்சி வேறு யார்?

ஹர்பிலாஸ் சாரதா கொண்டு வந்த குழந்தை மணத் தடைச் சட்டம் 1929-இல் நிறைவேறி 1930 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்குக் குறைந்த வயது 14 என்றது அச்சட்டம். 1949-இல் அது 15 ஆயிற்று. 1978-இல் 18 ஆயிற்று. 2006-இல் வந்த புதிய சட்டம் குழந்தை மணத்தை நடத்தி வைப்பவர்களுக்கும் கடும் தண்டனை விதிக்கிறது.

ஓய்வறியா முதுமை

பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அம்மையார் ஓயவில்லை. 1942-இல் மயிலாப்பூரில் வயது வந்த பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலையம் தொடங்கினார். 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையில் நியமன உறுப்பினராக இருந்தார். 1954-இல் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நல மையம் அமையத் துணை நின்றார். 1956-இல் மயிலாப்பூர் மகளிர் மன்றத்தின் சார்பில் ஒரு பள்ளி உருவாக உழைத்தார். இன்று புகழோடு விளங்கும் வித்யா மந்திர் அதுவே. ஆங்கில அரசு 1920-இல் கெய்சர்-இ-ஹிந்து தங்கப் பதக்கமும், சுதந்திர இந்தியா 1958-இல் பத்மஸ்ரீ விருதும் அளித்து அவரைச் சிறப்பித்தன. 1969 டிசம்பர் 20, வைகுண்ட ஏகாதசியன்று, எண்பத்து மூன்றாம் வயதில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

எங்கள் வகுப்பில் நடந்தது

இனி எங்கள் கதையைச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை வகுப்புக்குத் தன் இரண்டு தம்பிகளையும் கையில் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி வருவாள். வேறு பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிப்பவள். கணக்கில் கெட்டிக்காரி. தீபாவளிக்குப் பிறகு அவள் வரவில்லை. தம்பிகள் மட்டுமே வந்தனர். தை மாதம் அக்காவுக்கும் மாமாவுக்கும் கல்யாணம், எங்களுக்குப் புதுச்சட்டை என்று சின்னவன் மகிழ்ச்சியோடு சொன்னான்.

நாங்கள் இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. பிறர் வீட்டு விஷயம் என்றாள் ஒருத்தி. அரையாண்டுத் தேர்வு முடியட்டும் என்றாள் இன்னொருத்தி. நம்மால் சண்டை வந்துவிடும் என்று எல்லாருமே பயந்தோம்.

அந்த நாட்களில்தான் நாடக ஒத்திகை நடந்தது. பதினோரு வயது மணப்பெண்ணாக நடிக்க ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தியை அழைத்திருந்தோம். மாலையைப் போட்டதும் அது அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. எல்லாரும் சிரித்தோம். சிரித்துக் கொண்டிருந்த எங்களில் ஒருத்தி திடீரென்று அழத் தொடங்கினாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அப்படியே மேடையிலிருந்து இறங்கித் தலைமையாசிரியை சிஸ்டரிடம் போனோம். சிஸ்டர் கோபிக்கவில்லை. இது எத்தனை நாளாக உங்களுக்குத் தெரியும் என்று மட்டும் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்வதுதான் எங்களுக்கு மிகக் கடினமாக இருந்தது.

சிஸ்டர் 1098 என்ற சிறார் உதவி எண்ணுக்குத் தொலைபேசினார்கள். அலுவலர்களும் சிறுமியின் ஆசிரியையும் சிஸ்டரும் அவ்வீட்டுக்குச் சென்று பேசினார்கள். கல்யாணம் நின்றது. ஆனால் சிறுமியின் தாய்க்கு எங்கள்மீது கடும் கோபம். மூன்று வாரம் தம்பிகளையும் வகுப்புக்கு அனுப்பவில்லை. நல்லது செய்துவிட்டோம் என்று பெருமைப்பட்ட எங்களுக்கு அது பெரிய அடியாக இருந்தது.

பிறகு ஒருநாள் அத்தாயே சிஸ்டரைத் தேடி வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. வீடு திரும்ப இரவு எட்டு மணி ரயில். கணவர் இல்லை. வளர்ந்த பெண்ணை இருட்டும்வரை யாரை நம்பி வீட்டில் விடுவது என்ற அச்சமே அவரைத் தம்பியிடம் பெண்ணைக் கொடுக்கத் தூண்டியது. நாங்கள் சட்டத்தை அறிந்திருந்தோம். அந்தத் தாயின் அச்சத்தை அறியவில்லை.

அப்போதுதான் சுப்புலட்சுமி அம்மையாரின் வாழ்வு எங்களுக்கு முழுதாக விளங்கிற்று. அவர் சட்டத்துக்காகச் சாட்சி சொன்னார். ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே எழும்பூரில் ஒரு வீட்டைத் திறந்து வைத்துவிட்டார். கூடாது என்று சொல்வதோடு அவர் நிற்கவில்லை. இங்கே வா என்று சொல்லவும் அவரிடம் ஓர் இடம் இருந்தது.

இப்போது அச்சிறுமி தன் பள்ளி விட்டதும் தம்பிகளோடு இங்கே வந்துவிடுகிறாள். விடுதி மாணவியரின் படிப்பறையில் அமர்ந்து படிக்கிறாள். எட்டு மணி ரயிலில் இறங்கும் தாய் நேரே பள்ளி வாசலுக்கு வந்து மூவரையும் அழைத்துச் செல்கிறார். பெயரைச் சொல்லாமல் தன் கதையை எழுதலாம் என்று அவளும் தாயும் இசைந்தார்கள். ஆண்டு விழாவில் அவர்கள் இருவரும் மூன்றாம் வரிசையில் அமர்ந்து எங்கள் நாடகத்தைப் பார்த்தார்கள். மாலைக் காட்சி வந்தபோது நாங்கள் அவர்கள் பக்கம் பார்க்கவில்லை.

முடிவுரை

கோப்பை பெற்ற வகுப்புகளை மனமார வாழ்த்துகிறோம். பொதுத் தேர்வு முடிந்ததும் நாங்கள் இப்பள்ளியை விட்டுப் பிரிவோம். சிலர் மேல்நிலை வகுப்புக்கு வேறு பள்ளி செல்வோம். படிப்பைத் தொடர முடியுமா என்று தெரியாதவர்களும் எங்களுள் உண்டு. அவர்களுக்காகவும் செபியுங்கள், செபிப்பதோடு அவர்கள் பெற்றோரிடம் பேசவும் முன்வாருங்கள் என்று ஆசிரியப் பெருமக்களையும் பெற்றோர்களையும் பணிவோடு வேண்டுகிறோம்.

ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளே! கோ-கோவில் எங்களை வென்றீர்கள். சனிக்கிழமை வகுப்பையும் உங்களிடமே ஒப்படைக்கிறோம். சிலேட்டுகள் தையல் அறை அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. வருகைப் பதிவேடு சிஸ்டரிடம் இருக்கிறது. ஒரு பிள்ளை இரண்டு வாரம் வராவிட்டால் எங்களைப்போல் வாய் மூடி இராமல், மூன்றாம் வாரத்துக்குக் காத்திராமல், அவள் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். நான்கு பேருடன் தொடங்கிய இல்லம் நாடெங்கும் ஆசிரியைகளை அனுப்பியது. நம் தாழ்வாரத்துக்கும் இறைவன் அத்தகைய வரத்தை அருள்வாராக.